ஒரு மந்திரத்துக்கு ஆறு பட்டை

நான் சொன்ன ஜெபத்தால் ஒரு கப்பல் துறைமுக ஜெட்டியில் மோதியது. அதற்காக ஒருவருடைய வேலை போனது. இதை எங்கள் மாதா கோயில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். மனைவியிடம் சொல்லிவிட்டேன். வேலையை இழந்தவரிடமே போயும் சொன்னேன். சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் சொல்லவில்லை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் துறைமுகத்தில் அவர் பெர்த்திங் மாஸ்டர். கப்பலை உள்ளே கொண்டுவருகிற பைலட், கப்பலின் உச்சியில் ஏழெட்டு மாடி உயரத்தில் நிற்பார். அங்கிருந்து பார்த்தால் கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் இருக்கிற தண்ணீர் சரியாகத் தெரியாது. கீழே ஜெட்டி விளிம்பில் நின்று, இன்னும் எத்தனை மீட்டர், என்ன வேகம் என்று வாக்கி டாக்கியில் சொல்லிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இவர். நான் கயிறு கட்டுகிறவன். கப்பலிலிருந்து வருகிற கயிற்றை இழுத்து ஜெட்டியில் நட்டிருக்கிற இரும்புக் கட்டையில் மாட்டுவது என் வேலை. அவர் என்னைவிட எட்டு வயது இளையவர், கப்பல் படிப்புப் படித்தவர். நான் அவரை சார் என்பேன். அவர் என்னை அண்ணே என்பார்.

சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார், சித்திரை வெயிலிலும். வலது கைக் கட்டைவிரலால் கடிகாரக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார். நடந்தால் எல்லா எட்டும் ஒரே அளவில் விழும். "என் எட்டு எழுபது சென்டி அண்ணே" என்று ஒருமுறை சொன்னார். கேட்ட எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

'சுமார்' என்று யாராவது சொன்னால் அவர் முகம் மாறிவிடும். 'கிட்டத்தட்ட' பிடிக்காது. 'கொஞ்சம்' பிடிக்காது. எல்லாவற்றையும்விட 'மெதுவா' என்கிற சொல்தான் அவருக்கு ஆகாது.

"மெதுவான்னா எவ்வளவு?"

இதைத்தான் அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டிருக்கிறேன். கேட் பக்கத்து டீக்கடைக்காரர்கூட இதை வைத்து அவரைச் சீண்டுவார்.

"டீ கொஞ்சம் சூடா இருக்கும் சார், பாத்துக் குடிங்க."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"உங்க நாக்க விட்டு அளந்து பாத்துட்டு நீங்களே சொல்லுங்களேன். நாங்களும் தெரிஞ்சிக்கிறோம்."

கடையில் இருக்கிற எல்லாரும் சிரிப்பார்கள். அவர் மட்டும் கிளாசைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, காத்திருப்பார்.

அவர் ஏன் அப்படி என்பது ஜெட்டியில் நின்றால்தான் புரியும். பஸ் மோத வேண்டும் என்றால் வேகமாக வர வேண்டும். கப்பலுக்கு வேகமே வேண்டாம். நிலக்கரியை வயிறு முட்ட ஏற்றிக்கொண்டு ஐம்பதாயிரம் டன் பக்கவாட்டில் நெருங்கி வரும்போது, அது வருவதே கண்ணுக்குத் தெரியாது. நின்றுகொண்டிருக்கிற மாதிரிதான் இருக்கும். வினாடிக்குப் பத்து சென்டிமீட்டர் என்றால் ஜெட்டியில் கட்டியிருக்கிற ரப்பர் மெத்தை வாங்கிக்கொள்ளும். ஃபெண்டர் என்பார்கள் அதை. அதற்கு மேல் போகப்போக அது பிய்ந்துவிடும், பிறகு கான்கிரீட், பிறகு கப்பலின் தகடு. "தவழ்ற குழந்தை இதவிட வேகமாப் போகும் அண்ணே" என்பார். "பெரிய பொருளப் பத்திக் கண்ணு பொய் சொல்லும். கண்ண நம்பாதீங்க."

ஒருநாள் ஒரு பைலட்டோடு அவருக்குத் தகராறு வந்தது. அப்போது ஜெட்டி ஓரத்தில் பெரிய போர்டு ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. அதிலுள்ள கருவி ஒளியால் அளந்து, தூரத்தையும் வேகத்தையும் சிவப்பு எழுத்தில் காட்டும். கப்பல் நாலு மீட்டருக்குள் வந்துவிட்டது. வாக்கி டாக்கியில் பைலட் குரல் கேட்டது.

"மெதுவாத்தான் வருது மாஸ்டர்."

"மெதுவான்னா எவ்வளவு சார்? எனக்கு இங்க பின்பக்கம் பதினாலு காட்டுது. வெளிய எடுத்துட்டு மறுபடி வாங்க."

"பதினாலுக்கு ஒண்ணும் ஆவாதுய்யா."

"ஆவாதுன்னு ஃபெண்டர் சொல்லுச்சா? வெளிய எடுங்க சார்."

நாங்கள் ஆறு பேர் கயிற்றுக்காகக் கையை நீட்டியபடி நின்றோம். பிறகு இழுவைப் படகுகள் உறுமின. அவ்வளவு பெரிய கப்பல் பின்வாங்கிப் போய் மறுபடி முதலிலிருந்து வந்தது. சாப்பாட்டு நேரம் போய்விட்டது. "மாப்ள வீட்டுக்காரங்கள வாசல்லயே திருப்பி அனுப்புற மாதிரில்ல அனுப்புறாரு" என்று எங்களில் ஒருவன் முணுமுணுத்தான். ஆபீசிலிருந்து ஜீப்பில் ஒருவர் வந்து கத்திவிட்டுப் போனார். இவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே வார்த்தை: "பத்துக்கு மேல நான் வாங்க மாட்டேன் சார்."

எனக்கு அவரிடம் மரியாதை உண்டு. கொஞ்சம் பயமும் உண்டு. தப்பே செய்யாத மனிதர் பக்கத்தில் நிற்கிற பயம்.

கோயில் குளம் என்று போகிறவர் இல்லை. அவர் மனைவி அம்பகரத்தூர் அம்மன் மேல் பக்தியுள்ளவர். மனைவியை இவர் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார், வாசலிலேயே நின்று கூட்டிவருவார். "உள்ள போயி ஒரு கும்பிடு போட்டா என்ன சார் குறைஞ்சிடப் போவுது?" என்று கேட்டேன். "சாமி இல்லன்னு நான் சொல்லல அண்ணே. அளக்க எனக்கு வழி தெரியல. அளக்கத் தெரியாததப் பத்தி நான் வாயத் திறக்கறதில்ல" என்றார். அதில் கேலி இல்லை.

ஆவணி மாதம் அந்த போர்டு கெட்டுப் போனது. உப்புக்காற்று கருவிக்குள் புகுந்துவிட்டது. மாற்றுச் சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அதுவரை கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

கண்ணால் பார்த்துச் சொல்! அதுவும் அவரிடம்!

மறுநாள் பட்டினச்சேரியிலிருந்து நீளமான மூங்கில் ஒன்றை வரவழைத்தார். கால் மீட்டருக்கு ஒரு பட்டையாகச் சிவப்பும் வெள்ளையும் அவரே உட்கார்ந்து பூசினார். ஜெட்டி விளிம்பில் இரண்டு இரும்பு வளையம் அடித்து, அதற்குள் மூங்கிலைச் செருகினார். ஃபெண்டரைத் தாண்டி ஆறு மீட்டர் தண்ணீர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். கப்பலின் பக்கம் மூங்கில் நுனியைத் தொட்டதும், மூங்கில் வளையத்துக்குள் பின்னால் நகர்ந்து வரத் தொடங்கும். இத்தனை நேரத்தில் இத்தனை பட்டை என்று எண்ணினால் வேகம் வந்துவிடும்.

நேரத்துக்கு என்ன செய்வது? கடிகாரத்தைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினால் பட்டை தவறிவிடும். ஜெட்டியில் போனுக்கு அனுமதி கிடையாது. முதல் கப்பல் வந்த அன்று அவர் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிப் பார்த்தார். பட்டையையும் எண்ண வேண்டும், வினாடியையும் எண்ண வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோய் எரிச்சலில் மூங்கிலைத் தட்டினார்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கப்பல் கரையைத் தொடுகிற நேரத்தில் மாதாவிடம் வேண்டுகிற 'அருள் நிறைந்த' மந்திரம் சொல்வது என் வழக்கம். என் அப்பா கடலுக்குப் போனவர். அவர் படகில் ஏறும்போது அம்மா சொல்லுவார்கள், அதிலிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. உதட்டுக்குள்தான் சொல்லுவேன். காற்று அவர் பக்கம் அடித்திருக்க வேண்டும். கப்பலைக் கயிற்றில் கட்டி முடித்ததும் என்னிடம் வந்தார்.

"அண்ணே, நீங்க ஒண்ணு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே, அத மறுபடி சொல்லுங்க."

கேலி செய்யப் போகிறார் என்று நினைத்தேன். சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி."

பத்து முறை சொல்லவைத்தார். பத்தும் முடிந்ததும் கடிகாரக் கண்ணாடியைத் துடைத்தார்.

"பதினஞ்சு செகண்டு. பத்து வாட்டியும் பதினஞ்சு. எப்படிண்ணே?"

"சின்ன வயசுலேருந்து தினம் ஜெபமாலை உருட்டி அம்பத்து மூணு மணி ஜெபம் சொல்றோம் சார். வாய் அதுபாட்டுக்குப் போவும்."

அன்றிலிருந்து நான்தான் அவருக்குக் கடிகாரம். கணக்கு எளிது. பதினைந்து வினாடிக்கு ஆறு பட்டை நகர்ந்தால் வேகம் பத்து சென்டி. ஒரு மந்திரத்துக்கு ஆறு பட்டைக்கு மேல் போகக் கூடாது. நான் அவர் காதோரம் நின்று சொல்லுவேன், அவர் பட்டையை எண்ணுவார், ஆமென் சொன்னதும் வாக்கி டாக்கியில் வேகத்தைச் சொல்லுவார். எனக்கு முதலில் நெருடலாக இருந்தது. மாதாவைக் கூப்பிடுகிற ஜெபத்தைக் கருவியாக ஆக்கிவிட்டோமோ என்று. பிறகு யோசித்தேன். கப்பல் பத்திரமாக வர வேண்டும் என்றுதானே எப்போதும் சொல்கிறேன். இப்போது அது உண்மையிலேயே உதவுகிறது. அப்படி நினைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் இது உண்மையாகாது.

அக்டோபர் பிறந்தது. ஜெபமாலை மாதம். ஒரு சாயங்காலம் ஏதோ கையெழுத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்தவர், நாங்கள் முழங்காலில் இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். ஜெபம் முடிந்து நான் எழுந்துபோனால் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"மாலையில முதல் பத்து மணி உருட்டறப்ப உங்க வீட்ல எல்லாரும் பதினஞ்சு செகண்டு. கடைசிப் பத்துல பதிமூணாயிடுச்சு. புள்ளைங்களுக்குப் பசி போலருக்கு."

என் மனைவிக்கு வெட்கமாகிவிட்டது. "ஐயையோ, மாதாவே கணக்கு வைக்கமாட்டாங்க, சார் வச்சிருக்காங்களே" என்று காப்பி போடப் போனாள்.

"அண்ணன் மட்டும் மாறல" என்றார். "அவரு குரல் தனியா, பின்னாடியே வந்துது. அதே பதினஞ்சு."

அவர் ஒருவரைப் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையும் என்னை.

சரியாக அதற்கு அடுத்த வாரம் அது நடந்தது. மதியம் இரண்டு மணி இருக்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டிருந்தது. காற்று கப்பலை ஜெட்டி பக்கமாகவே தள்ளும் நாள். கப்பலின் முன்கயிற்றை வாங்கிக் கரைக்குக் கொண்டுவர ஒரு சின்னப் படகு போகும். அதில் அன்று இரண்டு பேர். ஒருவர் பட்டினச்சேரி படகோட்டி. இன்னொருவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி.

கயிற்றைக் கொடுத்துவிட்டுப் படகு கப்பலுக்கு முன்னால் வெளியேறிவிட வேண்டும். வெளியேறுகிற நேரத்தில் தண்ணீரில் கிடந்த ஒரு துண்டுக் கயிறு படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டது. எஞ்சின் நின்றது. ஒருபக்கம் ஜெட்டி, மறுபக்கம் கப்பல், நடுவில் படகு. எங்களுக்கு ஐம்பதடி முன்னால்.

"அத்தான்! எஞ்சின் போச்சு அத்தான்!"

அவன் சிரித்துக்கொண்டுதான் கத்தினான். அவனுக்கும் கப்பல் நின்றுகொண்டிருக்கிற மாதிரிதான் தெரிந்திருக்கும்.

மாஸ்டர் பார்த்துவிட்டார். "சார், படகு உள்ள மாட்டிக்கிச்சு. பிடிங்க. இழுத்துப் பிடிங்க." இழுவைப் படகுகள் இரண்டும் கப்பலை வெளியே இழுக்கத் தொடங்கின. காற்று உள்ளே தள்ளியது. மச்சினன் ஃபெண்டர் சங்கிலியைப் பிடித்துப் படகை நகர்த்திக்கொண்டிருந்தான். மூங்கில் நுனியில் கப்பல் தொட்டது.

"இப்ப எவ்வளவு மாஸ்டர்? குறையுதா?" பைலட் கேட்டார்.

"அண்ணே, ஆரம்பிங்க."

ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உருக்கமாக நான் அந்த ஜெபத்தைச் சொன்னதில்லை. ஒவ்வொரு சொல்லும் என் மச்சினனுக்காக. கண் அவன் கையில் இருந்தது. ஆமென் என்றேன்.

"அஞ்சு பட்டை" என்றார் மாஸ்டர். "எட்டு சென்டி சார். குறையுது."

"நல்லது. இழுவப் படகு ரெண்டும் இழுக்கறத நிறுத்துங்க" என்றது பைலட் குரல். ரொம்ப இழுத்தால் கப்பலின் பின்பக்கம் திரும்பிவிடும் என்ற பயம் அவருக்கு.

இரண்டாவது மந்திரம். ஆமென்.

"ஆறு. பத்து சென்டி."

மூன்றாவதைத் தொடங்கி நாலு சொல்கூடப் போகவில்லை. மாஸ்டர் மூங்கிலை விட்டுத் தலையைத் திருப்பி என் உதட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மனிதரைப் பார்க்கிற பார்வை இல்லை. நின்றுபோன கடிகாரத்தைப் பார்க்கிற பார்வை.

"அண்ணே, ஓடுறீங்க! நீங்க ஓடுறீங்க!" என்று கத்தினார். பிறகு வாக்கி டாக்கியில், "இழுங்க! முழுசா இழுங்க சார்! நான் சொன்னது தப்பு!"

என் பயத்தில் வாய் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியிருக்கிறது. மந்திரம் சீக்கிரம் முடிந்தால் அதற்குள் நகர்ந்த பட்டையும் குறைவாகத்தானே இருக்கும்! கப்பல் வேகமாக வர வர, நான் வேகமாக ஜெபிக்க ஜெபிக்க, எங்கள் கணக்கில் அது மெதுவாக வந்துகொண்டிருந்தது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ரப்பர் நசுங்கி ஒரு முனகல். ஜெட்டி காலுக்கடியில் ஒருமுறை அசைந்தது. படகோட்டி அதற்குள் ஏணியில் ஏறிவிட்டார். மச்சினன் சங்கிலியில் தொற்றிக்கொண்டான். வலது கால் மட்டும் படகில் இருந்தது. படகு அப்பளமாக நொறுங்கியது.

உயிர் பிழைத்தான். பாதம் நசுங்கிவிட்டது. இன்றும் சாய்ந்துதான் நடக்கிறான். ஆஸ்பத்திரியில் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அங்க நின்னு ஜெபம் சொன்னீங்கள்ல, அதான் மாதா உசிர விட்டு வச்சாங்க" என்று அழுதாள். நான் கையை விடுவித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

நாலாம் நாள் விசாரணை. ஆபீசில் நீள மேசை. பெரிய அதிகாரி நடுவில். கயிறு கட்டுகிற நாங்கள் சுவரோரம் நின்றோம்.

"கருவி இல்ல. அப்ப வேகத்த எப்படிக் கணக்குப் பண்ணீங்க?"

மாஸ்டர் எழுந்து நின்றார். கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கண்ணால பார்த்தேன் சார்."

கண்ணை நம்பாதீங்க என்று என்னிடம் சொன்ன மனிதர்.

"மூங்கில் ஒண்ணு வச்சிருந்தீங்களாமே?"

"அது தூரத்துக்கு. வேகத்த நானா மதிச்சேன்."

"அதாவது சுமாரா சொல்லியிருக்கீங்க. ஆறு மீட்டர்ல ஒரு கப்பல் இருக்கு, கீழ ரெண்டு உசுரு இருக்கு, நீங்க சுமாரா சொல்லியிருக்கீங்க."

"ஆமா சார்" என்றார். "சுமாரா."

அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றுதான். சாதாரணமாகச் சொன்னார், தினமும் சொல்லுகிறவர் மாதிரி.

அதிகாரி சுவர்ப்பக்கம் திரும்பினார். "நீங்கதானே அவர் பக்கத்துல நின்னது? நீங்க என்ன பார்த்தீங்க?"

என் பெண் அப்போது நர்சிங் இரண்டாம் வருடம். நான் கான்டிராக்ட் ஆள். நாளையிலிருந்து வராதே என்று சொல்ல யாருக்கும் ஒரு காகிதம்கூட வேண்டாம். இதெல்லாம் அந்த நிமிடம் யோசித்தேனா என்றால் இல்லை. வாய் தானாகப் பேசியது.

"நான் கயிறப் பாத்துக்கிட்டு இருந்தேன் சார். எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஆண்டவரைத் தெரியாது என்ற சீடருக்குக் கூவிய சேவல்தான் எனக்குக் கூவவில்லை.

அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புது ஆள் வருகிறவரை மூன்று வாரம் நிற்க வேண்டும் என்று உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சுவாமியாரிடம் சொன்னேன். "கடவுள்கிட்ட சொல்லிட்டீங்க. மனுஷன்கிட்ட சொல்ல வேண்டியது பாக்கி இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். தம்பியின் கால் ஆயிற்றே. பிறகு ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். கோவில்பத்தில் அவர் வாடகை வீடு. ஆபீசில் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் காட்ட வேண்டும் என்று கொண்டுபோனேன். உண்மையில், வேண்டாம் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்ற ஆசையும் இருந்தது. வாசலில் நின்றபடியே வாங்கிப் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

"பதினஞ்சு செகண்டுல சொல்ல வேண்டியத எட்டு செகண்டுல சொல்லிட்டேன்னு எழுதியிருக்கீங்க. எட்டு எங்கேருந்து வந்துது?"

"அது... ஒரு மதிப்பா எழுதினேன் சார்."

"எட்டு இல்லண்ணே. ஏழு."

நான் அவரைப் பார்த்தேன்.

"கப்பல்ல ஒரு மெஷின் இருக்கு, எல்லாம் அதுல பதிவாகும். பதினெட்டு சென்டின்னு இருக்கு. அஞ்சு பட்டை, அதாவது நூத்து இருபத்தஞ்சு சென்டி, வந்துது. வகுத்துப் பாருங்க, ஏழு."

"எப்ப சார் வகுத்தீங்க?"

"அன்னிக்கு ராத்திரியே."

அப்படியென்றால் அந்த நீள மேசை முன்னால் நின்றபோது அவர் கையில் எண் இருந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, அவர் வாழ்நாள் முழுக்க நம்பிய மாதிரியே, அளந்த எண். அதை வைத்துக்கொண்டுதான் 'சுமாரா' என்றார்.

"ஏன் சார்?" என்றேன்.

"கடிகாரத்தத் தேர்ந்தெடுத்தவன் நான். கீழ உங்க மச்சினன் நிக்கிறான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தும் உங்கள வச்சே எண்ணினேன் பாருங்க, தப்பு அது. அது எந்த மெஷின்லயும் பதிவாகாது." தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "தப்பான எண்ண வச்சு ஆபீஸ்ல எழுத்து குடுக்காதீங்க அண்ணே. உள்ள வாங்க, காப்பி சாப்டுட்டுப் போவலாம்."

எட்டை ஏழாகத் திருத்த ஒரு நிமிடம் போதும். நான் திருத்தவில்லை. அந்தத் தாள் இன்றும் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது, எட்டு என்றே.

அந்த மூன்று வாரமும் மழை. கப்பல்கள் வெளிக்கடலிலேயே நின்றன. அவருடைய கடைசி நாளுக்கு முதல் நாள் காலையில் மழை விட்டு ஒரே ஒரு கப்பல் உள்ளே வந்தது. அதே பைலட். போர்டு இன்னும் சரியாகவில்லை. டீக்கடைக்காரர்கூட அன்று அவரைச் சீண்டவில்லை. அவர் மூங்கிலைத் துடைத்து வளையத்தில் செருகினார். படகு வெளியேறிவிட்டதா என்று நான் நாலு முறை பார்த்தேன். வெளியேறிவிட்டது. ஆனாலும் ஐந்தாவது முறையும் பார்த்தேன்.

வாக்கி டாக்கி கரகரத்தது. "மாஸ்டர், இன்னிக்கும் கண்ணாலதான் பாக்கப் போறீங்களா?"

அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. "இல்ல சார். அளந்து சொல்றேன்."

கப்பல் மூங்கில் நுனியைத் தொட்டது.

"அண்ணே, ஆரம்பிங்க."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஐம்பது வருடமாகத் தினம் சொல்லுகிற ஜெபம், முதல் சொல் எதுவென்றே தெரியவில்லை. மூங்கில் நகர ஆரம்பித்துவிட்டது. ஒரு பட்டை உள்ளே போனது.

"வரல சார்" என்றேன். "பயமா இருக்கு. மறுபடியும் ஓடிடுவேன்."

என்னை ஒரு வினாடி பார்த்தார். பிறகு ஒரு எட்டு, அதே எழுபது சென்டி, பின்னால் வைத்து எனக்கு இடம் விட்டார்.

"சரி. மூங்கில நீங்க பாருங்க. பட்டைய மட்டும் எண்ணுங்க."

அவர் சொல்ல ஆரம்பித்தார். அருள் நிறைந்த மரியே என்று. கோயில் வாசலைத் தாண்டாத மனிதர். ஒரு சொல் தவறவில்லை. நான் எங்கே மூச்சு விடுவேனோ அங்கே மூச்சு விட்டார். எங்கள் அம்மா இழுக்கிற இடத்தில் நான் இழுப்பேன், நான் இழுக்கிற இடத்தில் அவரும் இழுத்தார். இரண்டு மாதம் தன் காதோரம் என் குரலைக் கேட்டுக் கேட்டு எடுத்துவைத்திருக்கிறார். ஆமென்.

"எவ்வளவு அண்ணே?"

"ஆறு சார்."

"பத்து சென்டி" என்றார் வாக்கி டாக்கியில். மறுபடி தொடங்கினார். ஆமென்.

"ஆறு."

"பத்து. இழுத்துப் பிடிங்க சார், குறைக்கணும்."

மேலே பைலட் விளிம்புக்கு வந்து எங்களை எட்டிப் பார்த்தார். நம்பலாமா என்று அவர் யோசிக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. பிறகு இழுவைப் படகு உறுமியது.

மூன்றாவது. "அஞ்சு."

"எட்டு."

நாலாவது. "நாலு சார்."

"ஆறரை. அப்படியே வாங்க."

ஐந்தாவது மந்திரத்தில் பாதி தாண்டி, பாவிகளுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லுகிற இடத்தில், கப்பல் ஃபெண்டரைத் தொட்டது. ரப்பர் ஒரு விரற்கடை அமுங்கி அப்படியே நின்றது. ஜெட்டி விளிம்பில் யாரோ வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டிலில் தண்ணீர் அசையவில்லை.

"மாஸ்டர்? மாஸ்டர், தொட்டுடுச்சா?" வாக்கி டாக்கி கூப்பிட்டது. கப்பலில் கயிற்றோடு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் பதில் சொல்லவில்லை. மூங்கில் நின்றுவிட்டது. எண்ணுவதற்கு ஒரு பட்டைகூட இல்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கண்ணைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, அதே வேகத்தில், மிச்சமிருந்ததையும் ஆமென்வரை சொல்லி முடித்தார். அதற்குப் பிறகுதான் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார்.